ஆறு வருடமாகக் காலையில் ஒரு கேஸ் மாத்திரை: எப்படி விடுவது?

மாம்பலத்தான் | ஞாயிறு, இரவு 11.50

தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை. நெஞ்சுக்குழியில் யாரோ கற்பூரம் கொளுத்தி வைத்த மாதிரி இருக்கிறது.

வயது 52, மேற்கு மாம்பலம், சைவம். ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். ஆறு வருடமாகப் பல் தேய்த்ததும் ஒரு பான்டோப்ரசோல்-டோம்பெரிடோன் கேப்ஸ்யூல். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே "காலை மாத்திரை". மளிகை லிஸ்டில் துவரம்பருப்புக்குக் கீழே "கா.மா. 2 அட்டை" என்று எழுதியிருக்கும். மெடிக்கலில் பெயர் சொல்லக்கூட வேண்டாம். நான் படியேறும்போதே பையன் அட்டையை எடுத்து வைத்துவிடுவான்.

போன மாதம் ஆபீஸில் மாஸ்டர் செக்கப். பி12 வைட்டமின் அளவு 142. குறைந்தது 200 இருக்க வேண்டுமாம். கால் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வருடமாக இருக்கிறது, சர்க்கரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த டாக்டர் என் மாத்திரைகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கேஸ் மாத்திரையை யார் எழுதினார்கள், எதற்கு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய ஃபைலைத் துழாவினேன். 2019 ஜூலை சீட்டு கிடைத்தது. முட்டிவலிக்குப் போயிருக்கிறேன். வலி மாத்திரை காலை, இரவு. அதற்குக் கீழே இந்தக் கேப்ஸ்யூல். பக்கத்தில் கோழிக் கிறுக்கலில் "10 நாள்". பத்து நாள்! முட்டிவலி போயே போய்விட்டது. வலி மாத்திரையை எப்போது நிறுத்தினேன் என்றே நினைவில்லை. இது மட்டும் தங்கிவிட்டது.

வியாழக்கிழமை ஒரேயடியாக நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து புளித்த ஏப்பம். இன்றைக்குத் தீ. அப்படியென்றால் எனக்கு இந்த மாத்திரை ஆயுசுக்கும் தேவை என்றுதானே அர்த்தம்? இதனால் சிறுநீரகம் போகும், எலும்பு போகும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பெரம்பூர்ப் பேரன் | திங்கள், காலை 7.15

அண்ணே, நானும் அதே கேஸ்தான். நாலு வருடம். ஆனால் நான் காலையில் போட மாட்டேன், ராத்திரி பிரியாணி சாப்பிட்டுவிட்டு எரியும்போது போடுவேன். கூடவே ஒரு பன்னீர் சோடா. பாதி நாள் கேட்கும், பாதி நாள் கேட்காது.


சித்தன்போக்கு | திங்கள், காலை 7.40

முதலில் அந்த ரசாயனக் குப்பையைத் தூக்கிக் கழிவறையில் போடுங்கள். வயிற்றில் அமிலம் அதிகமாக இருப்பதால் எரிவதில்லை, குறைவாக இருப்பதால்தான் எரிகிறது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் ஆப்பிள் சிடர் வினிகர், வெந்நீரில். இரண்டே வாரம். இந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் கிட்னி காலி, மறதி நோய், கேன்சர். மருந்துக் கம்பெனிகள் சொல்ல மாட்டார்கள்.


மருந்துக்கடை மாமா | திங்கள், காலை 10.05

திருவல்லிக்கேணியில் 31 வருடம் மருந்துக்கடை கவுண்டரில் நின்றவன். இப்போது ஓய்வு. நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

மாம்பலத்தாரே, உங்களுக்கு நேற்று ராத்திரி எரிந்ததற்குப் பெயர் இருக்கிறது: "ரீபௌண்ட்". நிறுத்தியதும் அமிலம் எதிர்த்துப் பொங்குவது. வயிற்றின் சுவரில் அமிலத்தை இறைக்கிற குட்டி மோட்டார்கள் இருக்கின்றன. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரேபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று "ப்ரசோல்" முடிகிற மாத்திரைகள் எல்லாம் அந்த மோட்டாரைப் பூட்டுகிறவை. பிபிஐ என்று சொல்வார்கள். மோட்டார் பூட்டிக் கிடந்தால் உடம்பு சும்மா இருக்குமா? அமிலம் போதவில்லை என்று காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பூட்டு கழன்றுவிடும், ஆனால் ஹார்மோன் இறங்க வாரக்கணக்கில் ஆகும். நடுவில் மாட்டிக்கொள்வது நம் நெஞ்சு.

இதை அழகாகக் காட்டிய ஒரு டென்மார்க் ஆய்வு 2009-ல் வந்தது. நெஞ்செரிச்சலே இல்லாத 120 ஆரோக்கியமான ஆட்களை எடுத்து, பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் 40 மி.கி., மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. நிறுத்திய பிறகு, மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், ஏப்பம், எதுக்களிப்பு. வெறும் மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களுக்கு, மருந்தை விட்டதால் வந்த எரிச்சல்! அதனால் நிறுத்தினால் எரிகிறது என்பதை மட்டும் வைத்து "எனக்கு ஆயுசுக்கும் வேண்டும்" என்று முடிவு கட்டாதீர்கள். வேண்டாம் என்றும் கட்டாதீர்கள். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

பெரம்பூர்த் தம்பி, நீ சாப்பிடுகிற முறையே தலைகீழ். மோட்டார் ஓடும்போதுதான் இந்த மருந்து அதைப் பிடிக்கும். சாப்பாடு வரும்போதுதான் மோட்டார் ஓடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். எரிந்த பிறகு போட்டு உடனே அணைய இது ஜெலுசில் இல்லை. முழு வேகம் பிடிக்க மூன்று நாலு நாள் ஆகும். சிலர் மாத்திரையைப் பொடி பண்ணிச் சாப்பிடுகிறார்கள். அதன் மேல்பூச்சே வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பாற்றத்தான். பொடித்தால் காசு தண்டம்.

சித்தன்போக்கு சார், புண்ணான உணவுக்குழாயில் வினிகர் ஊற்றச் சொல்கிறீர்கள். பல் எனாமலும் சேர்ந்து போகும். மற்றதற்குச் சாயங்காலம் வருகிறேன், வங்கிக்குப் போக வேண்டும்.


ஓ.எம்.ஆர். ஆந்தை | திங்கள், மதியம் 2.30

மாமா, ஒரு சந்தேகம். எனக்கு நைட் ஷிஃப்ட். சோழிங்கநல்லூரில் காலை ஆறு மணிக்கு முடிந்து, வழியில் கடையில் பொங்கல் வடை சாப்பிட்டு, வீட்டில் எட்டு மணிக்குப் படுப்பேன். "காலையில் வெறும் வயிற்றில்" என்றால் எனக்கு எது காலை?


மருந்துக்கடை மாமா | திங்கள், மாலை 6.20

நல்ல கேள்வி. சூரியனுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. தூங்கி எழுந்த பிறகு நீங்கள் சாப்பிடுகிற முதல் முழுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். ஆனால் தம்பி, பொங்கல் வடையை நெய்யோடு முடித்து ஒன்றரை மணி நேரத்தில் கட்டையைச் சாய்த்தால் எந்த மாத்திரை என்ன செய்யும்?

அப்புறம் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள். அதுவும் வெறும் வயிறு, இதுவும் வெறும் வயிறு என்று இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள். அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரை சரியாக ஏறாது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். இதயத்துக்கு குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டையும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லியிருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கிற வேலையை அவை குறைத்துவிடும். பான்டோப்ரசோலில் அந்தத் தொல்லை குறைவு.

மாம்பலத்தாருக்கு முக்கியமான விஷயம், அந்தக் கேப்ஸ்யூலின் வாலில் இருக்கிற டோம்பெரிடோன். நம் ஊரில் 30 மி.கி. மெதுவாகக் கரையும் ரகமாக அதைச் சேர்த்து அடைக்கிறார்கள். ஐரோப்பாவில் 2014-லேயே அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள். குமட்டல், வாந்திக்கு மட்டும், பத்து மி.கி., நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது. பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். நெஞ்செரிச்சலையும் வயிற்று உப்புசத்தையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். காரணம் இதயத் துடிப்பின் தாளம் கெடுகிற அபாயம். அறுபது வயது தாண்டியவர்களுக்கும், கூடவே கிளாரித்ரோமைசின் மாதிரி சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது இன்னும் அதிகம். ஊரெல்லாம் முதல் பாதியைத் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ ஆறு வருடம் வால் பகுதியைச் சாப்பிட்டதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.


கொரட்டூர் கோமதி | திங்கள், இரவு 8.45

மாமா வால் என்றதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. என் அம்மா கதையைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 71. போன வருடம் சாப்பிட்டதும் வயிறு கல் மாதிரி இருக்கிறது என்று ஒரு இடத்தில் காட்டினோம். ரேபெப்ரசோலோடு லெவோசல்பிரைட் சேர்த்த கேப்ஸ்யூல். நன்றாகக் கேட்டது. கேட்கிறதே என்று தொடர்ந்து வாங்கினோம், எட்டு மாதம். நடுவில் அம்மாவின் நடை குறுகிப்போனது. கோலம் போடும்போது புள்ளி நேராக வைப்பாள், அதில் அவளுக்குத் தனி கர்வம். ஒருநாள் காலையில் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் மழைத்துளி மாதிரி சிதறிக் கிடக்கின்றன. மாவு பிடித்த விரல் நடுங்குகிறது. முகத்தில் சிரிப்பே வரவில்லை.

நரம்பு டாக்டரிடம் போனோம். பார்க்கின்சன் என்றுதான் பயந்தோம். அவர் முதலில் கேட்டது, "கேஸுக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்?" அட்டையைக் காட்டினேன். லெவோசல்பிரைடு மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும், வயதானவர்களுக்கு இப்படி நடுக்கம் வரும் என்றார். நிறுத்தி மூன்று மாதத்தில் கோலம் திரும்பி வந்தது. எல்லோருக்கும் முழுசாகத் திரும்பாது, நீங்கள் அதிர்ஷ்டக்காரர்கள் என்றும் சொன்னார்.

அட்டையின் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். "கேஸ் மாத்திரை" என்ற ஒரே பெயருக்குள் என்னென்னவோ ஒளிந்திருக்கிறது.


எண்டோ அக்கா | திங்கள், இரவு 10.30

இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பதினாறு வருடமாக எண்டோஸ்கோப்பி அறையில் ஸ்டாஃப் நர்ஸ்.

கேட்காமல் நிறுத்தவே கூடாதவர்கள் இருக்கிறார்கள். உணவுக்குழாயில் மோசமான புண் இருந்தவர்கள். பேரட் என்ற மாற்றம் வந்தவர்கள், அதாவது அமிலம் பட்டுப்பட்டு உணவுக்குழாயின் உள்தோலே வேறு ரகமாக மாறிப்போனவர்கள். வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிந்தவர்கள். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, மூட்டுவலி மாத்திரை என்று சாப்பிடுகிற வயதானவர்கள். இவர்களுக்கு இந்த மாத்திரை கேஸுக்கு இல்லை, கவசம். ஒரு பெரியவர் யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டு இதை மட்டும் நிறுத்தினார், ஆஸ்பிரினைத் தொடர்ந்தார். மூன்றாவது வாரம் தார் மாதிரி கறுப்பாக மலம் போய், ஹீமோகுளோபின் ஆறில் எங்கள் டேபிளுக்கு வந்தார்.

விழுங்கும்போது தொண்டையில் அல்லது நெஞ்சில் சிக்குவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம், ரத்தசோகை, அடிக்கடி வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள், காட்டுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் "வாயுப் பிடிப்பு" என்ற வார்த்தை எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்று கணக்கே இல்லை. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி, நடந்தால் கூடுகிறது என்றால் ஜெலுசில் குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் எரிச்சலாக, களைப்பாகக்கூட மாரடைப்பு வரும். மாம்பலத்தாரே, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஈ.சி.ஜி. எப்போது எடுத்தீர்கள்?


மாம்பலத்தான் | திங்கள், இரவு 11.10

மாஸ்டர் செக்கப்பில் ஈ.சி.ஜி., ட்ரெட்மில் இரண்டும் எடுத்தார்கள். பிரச்சினை இல்லை. அக்கா கேட்டதும் ஒருமுறை எழுந்துபோய் ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்த்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை வயிற்று டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். அதுவரை கேப்ஸ்யூலை மறுபடி போடுவதா?


எண்டோ அக்கா | திங்கள், இரவு 11.25

மூன்று நாளில் ஒன்றும் ஆகிவிடாது. டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பழைய சீட்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள், அந்தப் "பத்து நாள்" சீட்டு.


சித்தன்போக்கு | செவ்வாய், காலை 6.50

எல்லோரும் கூடி என்னைக் கேலி பண்ணுகிறீர்கள். சிறுநீரகம், டிமென்ஷியா, எலும்பு முறிவு என்று ஆய்வுகள் வந்தது பொய்யா?


மருந்துக்கடை மாமா | செவ்வாய், காலை 9.30

பொய்யில்லை சார், கோபப்படாதீர்கள். அமெரிக்காவில் 2010-ல் எலும்பு முறிவு, 2011-ல் ரத்தத்தில் மக்னீசியம் குறைவது, 2012-ல் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற கிருமியால் வரும் பேதி என்று வரிசையாக எச்சரிக்கை வந்தது. 2016-ல் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறுடன் தொடர்பு இருப்பதாக ஒரு பெரிய ஆய்வு, அதே வருடம் ஜெர்மனியிலிருந்து மறதி நோய் பற்றி ஒன்று.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டவை. யார் பிபிஐ சாப்பிடுகிறார்கள்? வயதானவர்கள், குண்டானவர்கள், பத்து நோய்க்கு இருபது மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு எலும்பு உடைந்தால் குற்றவாளி மாத்திரையா, வயதா? குடை பிடிப்பவர்கள் அதிகமாக நனைகிறார்கள் என்று கணக்கெடுத்துவிட்டு, குடையால்தான் மழை வருகிறது என்று சொல்கிற கதை.

இதைத் தீர்க்கச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று நடந்தது, காம்பஸ் என்று பெயர். 17,598 பேர். பாதிப் பேருக்கு பான்டோப்ரசோல் 40 மி.கி., பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, சுமார் மூன்று வருடம். 2019-ல் முடிவு வந்தது. எலும்பு முறிவு, சிறுநீரகம், மறதி, நிமோனியா எதிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. கூடியது ஒன்றே ஒன்று, குடல் தொற்று. 1.0 சதவீதம் 1.4 ஆனது. மூன்று வருடம்தான் பார்த்தார்கள், ஆறோ பதினைந்தோ இல்லை. அதையும் சொல்ல வேண்டும். மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரும் ரோட்டோரச் சட்னியும் உள்ள ஊரில் குடல் தொற்றையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, வயிற்று அமிலம்தான் நமக்கு வாசல் காவலாளி. சிறுநீரகத்திலும் அரிதாகச் சிலருக்கு திடீர் ஒவ்வாமை வீக்கம் வரும், அது உண்மை. அதனால் வருடத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்ப்பதில் தப்பில்லை.

பி12 விஷயம் வேறு. அதில் வழிமுறையே புரிகிறது. சாப்பாட்டில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். 2013-ல் வந்த கலிஃபோர்னியா ஆய்வில் இரண்டு வருடத்துக்கு மேல் பிபிஐ சாப்பிட்டவர்களிடம் இந்தக் குறைபாடு கூடுதலாக இருந்தது. மெட்ஃபார்மினும் தன் பங்குக்கு பி12-ஐக் குறைக்கும். சைவச் சாப்பாட்டில் பால், தயிரை விட்டால் பி12 கிடையாது. மாம்பலத்தாரே, உங்கள் வீட்டில் மூன்று கதவும் ஒரே நேரத்தில் சாத்தியிருக்கிறது. ஊசியாகவோ மாத்திரையாகவோ போட்டால் ஏறிவிடும், ஏனென்றால் அதில் பிரித்தெடுக்க வேண்டிய புரதம் இல்லை.


வேளச்சேரி வாணி | செவ்வாய், மதியம் 3.10

மாத்திரை பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். அதை விட்டவள் என்ற முறையில் நான் மாற்றுவழியைச் சொல்கிறேன்.

முதலில் எனக்குப் புரிய வைத்த வாக்கியம்: இந்த மாத்திரை எதுக்களிப்பை நிறுத்துவதில்லை, மேலே வருகிறதன் புளிப்பைத்தான் குறைக்கிறது. உணவுக்குழாயும் வயிறும் சேருமிடத்து வால்வு தளர்ந்திருந்தால் மாத்திரை போட்டாலும் வருவது வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் வராமல் தடுக்க வேண்டும்.

தலையணையை அடுக்காதீர்கள். மூன்று தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், வயிறு நசுங்கி இன்னும் மேலே தள்ளும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களை உயர்த்த வேண்டும், ஆறிலிருந்து எட்டு அங்குலம். நான் முதலில் செங்கல் வைத்தேன். நடுராத்திரி புரண்டதில் ஒரு கால் நழுவிக் கட்டில் சாய்ந்து, என் வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று நினைத்து லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அப்புறம் விஜயநகர் பக்கத்தில் ஒரு ஆசாரியிடம் சொல்லி, நடுவில் குழி வைத்த மரக்கட்டை இரண்டு செய்துகொண்டேன். கட்டில் கால் குழிக்குள் உட்கார்ந்துவிடும். ஒரு வாரம் சறுக்குமரத்தில் படுத்த மாதிரி இருக்கும், பழகிவிடும். கூடவே இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்படிப் படுத்தால் வயிறு உணவுக்குழாயைவிடக் கீழே இருக்கும். வலது பக்கம் படுத்தால் நேர் எதிர்.

ராத்திரிச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால். சொல்ல எளிது. எங்கள் வீட்டில் மாமியார் சீரியல் முடியாமல் தோசைக்கல் அடுப்பில் ஏறாது, ஒன்பதரை ஆகிவிடும். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. இப்போது ஏழு மணிக்கு எனக்கு மட்டும் இரண்டு இட்லி வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறேன். எல்லோரும் சாப்பிடும்போது கூட உட்கார்ந்து மோர் குடிக்கிறேன். "டயட்டாம், பெரிய நடிகை" என்று பேச்சு கேட்டேன். பரவாயில்லை.

பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதை எந்த டாக்டரும் என்னிடம் கேட்கவில்லை. உள்பாவாடை நாடா. புடவை நழுவக்கூடாது என்று இறுக்கிக் கட்டிக் கட்டி எனக்கு இடுப்பில் கறுப்புத் தழும்பே விழுந்திருந்தது. வயிற்றை அப்படி இறுக்கினால் உள்ளே இருப்பது மேலே தானே வரும்? ஆண்களுக்கு பெல்ட். தொப்பைக்கு அடியில் இறுக்கிக்கொண்டு குனிந்து ஷூ மாட்டும்போது புளித்து வருகிறதா இல்லையா?

எடை ஏழு கிலோ குறைத்தேன். உண்மையைச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் வேலை செய்தது.


பெரம்பூர்ப் பேரன் | செவ்வாய், மாலை 5.00

அக்கா, பன்னீர் சோடா?


வேளச்சேரி வாணி | செவ்வாய், மாலை 5.20

பிரியாணி ஏற்கெனவே வயிற்றை நிரப்பிவிட்டது. சோடா அதில் காற்றையும் ஏற்றுகிறது. ஏப்பம் வரும்போது நிம்மதி மாதிரி இருக்கும். அந்த ஏப்பத்தோடுதான் அமிலமும் ஏறுகிறது. விடு தம்பி.


ஓ.எம்.ஆர். ஆந்தை | செவ்வாய், மாலை 6.40

காபி? டிகாஷன் காபியை விடச் சொன்னால் நான் இந்த இழையிலிருந்தே வெளியேறுகிறேன்.


மருந்துக்கடை மாமா | செவ்வாய், இரவு 7.15

எல்லோருக்கும் ஒரே தடைப்பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சிலருக்குக் காபி, சிலருக்கு வத்தக்குழம்பின் புளி, சிலருக்குப் பச்சை வெங்காயம், சிலருக்கு சாக்லேட். எண்ணெய் அதிகமானால் வயிறு மெதுவாகக் காலியாகும், பரோட்டா சால்னா பெரும்பாலானவர்களைப் பதம் பார்ப்பது அதனால்தான். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன, எத்தனை மணிக்கு, எப்போது எரிந்தது. எரிக்காததை ஏன் விட வேண்டும்? சிகரெட் மட்டும் விதிவிலக்கு, அது வால்வையே தளர்த்தும். சாராயமும்.

பி.பி.க்கு அம்லோடிபின் வகை மாத்திரைகளும் சிலருக்கு வால்வைத் தளர்த்தும். அதை நீங்களே நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். ஒரு மடக்கில் விழுங்கிவிட்டுப் படுத்தால் அது உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கிவிடும். அதையும் "கேஸ்" என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் உண்டு.


கொரட்டூர் கோமதி | புதன், காலை 8.20

மாமா, பழைய ரானிடிடின் நல்லதா? எங்கள் அப்பா இருபது வருடம் அதைத்தான் சாப்பிட்டார்.


மருந்துக்கடை மாமா | புதன், காலை 11.00

அது ஒரு காலத்தில் என் கடையில் பொரி மாதிரி போன மருந்து. 2019 செப்டம்பரில் அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் வரவழைக்கக்கூடிய மாசு இருப்பதாகச் செய்தி வந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா மொத்தமாகவே சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. நாள் ஆக ஆக, வெப்பம் கூடக் கூட அந்த மாசு மாத்திரைக்குள்ளேயே பெருகும் என்பதுதான் காரணம். நம் ஊர் மே மாத வெயிலில் ஏ.சி. இல்லாத கடை அலமாரியை நினைத்துப் பாருங்கள். 2022 செப்டம்பரில் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது போய்விட்டது. அதே குடும்பத்து ஃபாமோடிடினில் இந்தப் பிரச்சினை பேசப்படவில்லை. எப்போதாவது எரிகிற நாளுக்கு அது உதவும். தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் வேகம் குறைந்துவிடும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவையும் குறைக்க வேண்டும்.


மாம்பலத்தான் | வெள்ளி, இரவு 9.00

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். சீட்டைக் காட்டினேன், சிரித்துவிட்டார். "பத்து நாளை ஆறு வருடமாக இழுத்த நோயாளி நீங்கள் மட்டும் இல்லை, இன்று காலையிலிருந்து நீங்கள் நாலாவது" என்றார்.

முதல் வேலையாக டோம்பெரிடோன் அவுட். வெறும் பான்டோப்ரசோல் 40, பிறகு 20, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு படியும் இரண்டு வாரம். நடுவில் எரிந்தால், சாப்பிட்டபின் ஆல்ஜினேட் சிரப். கடல்பாசியிலிருந்து எடுப்பதாம், வயிற்றுச் சாப்பாட்டின் மேல் ஒரு தெப்பம் மாதிரி மிதந்து அமிலத்தை மேலே விடாமல் தடுக்குமாம். ஒரேயடியாகவும் நிறுத்தலாம், ஆனால் எரியும் என்று தெரிந்து நிறுத்த வேண்டும் என்றார். நான் ஏற்கெனவே ஒருமுறை பயந்துவிட்டதால் படிப்படியாகவே போவோம் என்றேன்.

எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று கேட்டேன். ஆபத்து அறிகுறி இல்லை. ஆனால் வயதையும் தொப்பையையும் நாளையும் கணக்குப் பார்த்தால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். பார்த்தாயிற்று. புண் இல்லை, பேரட் இல்லை, சின்ன ஹெர்னியா மட்டும், அதாவது வயிற்றின் மேல்பகுதி கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் ஏறியிருக்கிறதாம். ஹெச். பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையைப் பிறகு பார்க்கலாம், அதற்கு இரண்டு வாரம் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டும் என்றார். 1984-ல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றில் அழற்சி வரவழைத்துக் காட்டி, 2005-ல் நோபல் வாங்கிய கதையையும் அவரே சொன்னார். கதை கேட்கத்தான் போன மாதிரி ஆகிவிட்டது, வெளியே வரிசையில் இருந்தவர்கள் முறைத்தார்கள்.


எண்டோ அக்கா | வெள்ளி, இரவு 9.40

ரொம்ப சந்தோஷம். அந்தக் கிருமி புண்ணுக்குக் காரணம், எதுக்களிப்புக்கு இல்லை. அது இருந்து மருந்து சாப்பிட்டு அழித்தாலும் நெஞ்செரிச்சல் போகவில்லையே என்று ஏமாறாதீர்கள். கட்டைக்கு ஆர்டர் கொடுங்கள்.


மாம்பலத்தான் | பத்து வாரம் கழித்து, சனி, காலை 6.30

சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆவேன்.

நாற்பதிலிருந்து இருபதுக்கு வந்தபோது பெரிதாக ஒன்றுமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கட்டம்தான் கஷ்டம். முதல் பத்து நாள் சிரப் பாட்டிலோடு குடித்தனம். பிறகு தானாகவே இறங்கியது. இப்போது மாத்திரை இல்லை என்று எழுத ஆசை, ஆனால் பொய். போன வாரம் கல்யாண வீட்டில் ராத்திரி பத்து மணிக்குப் பந்தி, இரண்டு முறை பாயசம். மறுநாள் ஒரு ஃபாமோடிடின் போட்டேன். கிருமிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை.

பி12 ஊசி போட்டு 410-க்கு வந்துவிட்டது. கால் எறும்பு பாதி குறைந்திருக்கிறது. ஆறு மணிக்குக் காபி குடிக்கிறேன், எரிக்கவில்லை, நோட்டில் எழுதியாயிற்று. எரிப்பது வீட்டுத் தக்காளித் தொக்கு என்று தெரிந்தது. அதை வீட்டுக்காரம்மாவிடம் சொன்னதன் விளைவை இங்கே எழுத முடியாது.

மெடிக்கல் பையன் நேற்றும் என்னைப் பார்த்ததும் அட்டையை எடுத்து வைத்தான். வேண்டாம்ப்பா, ஷேவிங் பிளேடு கொடு என்றேன். "வேற கடையில வாங்குறீங்களா சார்?" என்று முகம் வாடிவிட்டது அவனுக்கு.

வாணி மேடம், ஒரு உதவி. கட்டையைச் செய்து வைத்துவிட்டேன், ஏழு அங்குலம். நான் நன்றாகத் தூங்குகிறேன். வீட்டுக்காரம்மா ராத்திரி முழுக்கக் கீழே சறுக்கிக்கொண்டே போகிறாள், விடிகாலையில் பார்த்தால் கட்டிலின் கால்மாட்டில் சுருண்டு கிடக்கிறாள். இதற்கு என்ன செய்தீர்கள்?


வேளச்சேரி வாணி | சனி, காலை 7.05

கட்டிலைப் பிரித்துவிட்டோம். ஒற்றைக் கட்டில் இரண்டு. அவர் இப்போது சமதரையில் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்.